வீதியில் விழிப்பு – 7: ஏறின கியரிலேயே இறங்கு

2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு பேர் இறந்தார்கள். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பாடசாலை மாணவர்களோடு இறங்கிக்கொண்டிருந்த பஸ், எதிரே வந்த வேனிலும் ஆட்டோவிலும் மோதிப் பள்ளத்தில் விழுந்தது. மாண்டவர்களில் ஆறு பேர் வேனில் வந்தவர்கள், ஒருவர் ஆட்டோ ஓட்டியவர். பஸ்ஸுக்குப் பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள்.

மலைநாட்டில் எந்தப் பெரிய விபத்துக்கும் இதே காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஏன் பிடிக்காமல் போனது என்று கேட்பவர்கள் குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, தலவாக்கலை ஏறத்தாழ 1,200. அத்தனை உயரத்திலிருந்து பல தொன் பாரம் இறங்கும்போது அதன் வேகத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தாங்க வேண்டும். வழி நெடுக பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு வந்தால் டிரம் சூடேறி விரியும், லைனிங் பிடிமானத்தை இழக்கும். கார், வேன்களில் பிரேக் எண்ணெயே கொதித்து ஆவியாகிவிடும். அப்போது பெடல் பஞ்சை மிதித்தது போல உள்ளே போகும். புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிய பழைய எண்ணெய்க்கு 140 பாகையே போதும். திம்புள்ள மழையில் ஓடுகிற வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதை ஒத்திப்போடவே கூடாது.

கொழுந்து லொறி ஓட்டிப் பழகிய சாரதியைப் பாருங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுவார். எஞ்சின் முனகும், முனகட்டும், வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதுதான். வளைவுக்கு முன்னால் பிரேக்கை ஒரு தரம் அழுத்தமாக மிதித்து, வேகம் தணிந்ததும் காலை எடுத்துவிடுவார். இறக்கத்தின் நடுவில், வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தால் விழாமலும் போகலாம். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிப்பது தற்கொலைக்குச் சமம். மிச்சமும் கிடையாது, இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன.

ஏப்ரலில் வசந்த காலத்துக்குக் குடும்பத்தோடு நுவரெலியா வருபவர்கள் பலர் ஓட்டுவது ஓட்டோமெட்டிக் கார். ‘டி’யிலேயே இறங்கிவிடுகிறார்கள். ‘எல்’, ‘2’ என்று இருப்பதும், ஹைபிரிட் கார்களில் ‘பி’ (B) என்று இருப்பதும் இந்த இறக்கங்களுக்காகத்தான். லைனிங் கருகும் வாடை வந்தால் சமதளமான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடித்துவிடும். பிரேக் முற்றாகப் போய்விட்டால் கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, மண்மேட்டுப் பக்கம் வண்டியை உரசவிடுங்கள். கதவு போகும், கண்ணாடி போகும், உயிர் தங்கும்.

இவ்வளவும் இறங்குகிறவருக்கு. அன்று வேனில் வந்தவர்கள் என்ன செய்திருக்க முடியும்? ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், ஒதுங்க இடமில்லாத ஒடுங்கிய வீதி. எதிரே வருபவரின் தவறையும் கணக்கில் எடுத்து ஓட்ட வேண்டும் என்று இந்தத் தொடரில் எழுதி வருகிறேன். ரதல்லையில் அந்தப் பாடம் யாரையும் காப்பாற்றியிருக்காது. அதனால்தான் மலைவீதியில் முழுப் பொறுப்பும் மேலிருந்து இறங்குபவருடையது என்கிறேன். விபத்துக்குப் பிறகு அந்த வீதியில் கனரக வாகனங்களுக்குத் தடை வந்தது. அது ஏழு உயிர் போன பிறகு வந்த தடை.

2024 டிசம்பரில் ஹட்டன் மல்லியப்பில் பஸ் புரண்டு மூவர் இறந்தார்கள். 2025 மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் இருபதுக்கும் மேற்பட்டோர். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றல்ல. ஆனால் எல்லாமே பஸ்கள், எல்லாமே மலைவீதிகள்.

சுற்றுலாவுக்குப் பஸ் பேசும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒன்று: வாடகையையும் பாட்டுப்பெட்டியையும் விசாரிப்பதற்கு முன், இந்தச் சாரதி இதற்கு முன் நுவரெலியாவிலிருந்து பஸ்ஸை இறக்கியிருக்கிறாரா, முதல்நாள் இரவு எங்கே தூங்கினார் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு பஸ் பாருங்கள்.

அடுத்த வாரம்: பனிமூட்டமும் விளக்கும்