அறையைக் கட்டுங்கள், கால்களை வாங்குங்கள்

தினைப்புனத்துக் காவல் பரணை அறிந்தவர்களுக்கு அமெரிக்க மான் வேட்டைக்காரரின் பரணைப் புரிந்துகொள்வது எளிது. உயரமான கால்களின் மேல் ஒரு சிறிய அறை, நான்கு பக்கமும் சுவர், மேலே கூரை, சுவருக்கு ஒன்றிரண்டு சின்ன ஜன்னல்கள். மிச்சிகன் மாநிலத்தில் துப்பாக்கி வேட்டைப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. பக்கத்து விஸ்கான்சினிலும் அதே மாதத்தில்தான் ஒன்பது நாள் பருவம் வருகிறது. விடியலுக்கு முன்பே போய், உறையவைக்கும் குளிரில் மணிக்கணக்காக அசையாமல் உட்கார வேண்டும் என்பதால் மூடிய பரணுக்கு அங்கே அவ்வளவு மதிப்பு. தொழிற்சாலையில் செய்ததை வாங்குவதா, பிளைவுட் வாங்கி வந்து நாமே கட்டுவதா என்ற கேள்வி நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு வேட்டைக்காரர் வீட்டிலும் எழும். இரண்டில் ஒன்றை முழுதாகத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. அறையைக் கையால் கட்டுவதும், அதைத் தாங்கும் கால்களை விலைக்கு வாங்குவதுமே பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்பது என் வாதம்.

வேட்டையே கூடாது என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பேச்சு உறுத்தலாம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. அது இங்குள்ள நிலைமைக்கு உரிய சட்டம். அமெரிக்காவின் கதை வேறு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில லட்சமாகச் சுருங்கிப்போன வெள்ளைவால் மான்கள் இன்று சுமார் மூன்று கோடி இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். அவற்றைத் தின்று எண்ணிக்கையை மட்டுப்படுத்திய ஓநாயும் மலைச்சிங்கமும் கிழக்கு மாநிலங்களில் பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டன. மான்கள் மிகுந்தால் காட்டில் இளங்கன்றுகள் தலையெடுப்பதில்லை. சாலை விபத்துகளும் கூடுகின்றன. எத்தனை மானை, எப்போது சுடலாம் என்பதை மாநில அரசுகள் வரையறுக்கின்றன. துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி வசூலாகும் வரி வன உயிரினப் பாதுகாப்புக்கே போகிறது. சட்டம் அனுமதித்த வேட்டையிலும் ஒரு கடமை மிஞ்சுகிறது: குறி தவறிக் காயம்பட்ட விலங்கு காட்டுக்குள் துடித்துச் சாகக் கூடாது. பரண் இதற்கு உதவுகிறது. உட்கார இருக்கையும், முழங்கை ஊன்ற இடமும், அவசரப்படாமல் காத்திருக்க நேரமும் தருகிறது. குறி உறுதியாக இருக்குமா, ஏறியவர் பத்திரமாக இறங்குவாரா என்ற இரண்டையும் வைத்தே பரணை எடைபோட வேண்டும்.

விலையை மட்டும் பார்த்தால் முடிவு கிடைக்காது. ஃபைபர் கிளாஸில் வார்த்த நல்ல அறைகள் பல இரண்டாயிரம் டாலரைத் தாண்டும். கால்களுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். ஆறடிக்கு ஆறடி அறையை நாமே கட்டினால் தரை, சுவர், கூரைக்கு எட்டு, ஒன்பது பிளைவுட் பலகைகளும் சட்டங்களும் பெயின்ட்டும் போதும். வழக்கமாக இது மலிவுதான். ஆனால் மர விலை நிலையாக இருப்பதில்லை. 2021 மே மாதத்தில் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி மரம் 1,600 டாலரைத் தாண்டியது. சில வார இறுதிகளின் உழைப்பையும் கணக்கில் சேர்த்தால் மிச்சம் இன்னும் குறையும். ஆகவே கட்டுவதற்குப் பணத்தைவிட வலுவான காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் ஜன்னலில் இருக்கிறது. தொழிற்சாலை எல்லோருக்கும் பொதுவான ஒரு ஜன்னலைத்தான் வைக்க முடியும். உங்கள் நிலத்தில் மான் எந்தப் பக்கத்திலிருந்து வரும், வழக்கமான காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆறடி மனிதரின் முழங்கைக்குச் சரியாக அமைந்த விளிம்பு, கூட வரும் பன்னிரண்டு வயது மகளின் மூக்குக்கு நேராக நிற்கும். அவள் துப்பாக்கியை ஊன்ற முடியாமல் தூக்கிப் பிடிப்பாள், குறி ஆடும். இடக்கைக்காரருக்கு நாற்காலி இருக்க வேண்டிய மூலையே வேறு. வில் எய்பவருக்குக் குறுகலான, நெட்டையான திறப்பு வேண்டும். நாமே கட்டும்போது இவை அத்தனையையும் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ப வெட்டிக்கொள்ளலாம். தரையில் பழைய கம்பளம் விரித்தால் காலடி கேட்காது. உட்சுவருக்குக் கறுப்புப் பூசினால், பின் ஜன்னல்களை மூடிவைத்தவரின் உருவம் இருட்டோடு கலந்துவிடும்.

கால்களுக்கு வரும்போது இதே வாதம் தலைகீழாகிறது. ஆறடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள சுவரின் மேல் மணிக்கு 60 மைல் வேகக் காற்று நேராக மோதினால், குறைந்தது 150 கிலோ எடைக்குச் சமமான விசை அதைத் தள்ளும். பத்தடி உயரத்தில் அந்த விசை கால்களின் அடியை நெம்பும். மண்ணைத் தொடும் மரத்துக்கு ஏற்றும் மருந்திலும் கவனிக்க வேண்டியது உண்டு. 2003ஆம் ஆண்டு இறுதியோடு அமெரிக்க வீட்டு உபயோகத்திலிருந்து ஆர்செனிக் கலந்த மருந்து விலக்கப்பட்டது. பதிலாக வந்த செம்பு மிகுந்த மருந்துகள் சாதாரண ஆணியையும் ஸ்குரூவையும் வேகமாக அரிக்கின்றன. கெட்டியாகத் துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ இல்லையென்றால், மரம் நன்றாக இருக்கும்போதே மூட்டு உள்ளுக்குள் இற்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கால்களைச் சரியான சாய்வில் பிடிக்கும் இரும்புப் பிடிகளோ முழு இரும்புத் தாங்கியோ கடையில் கிடைக்கின்றன. எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியே விற்கிறார்கள். சுவரில் செய்த பிழையால் குளிர்காற்று நுழையும். காலில் செய்த பிழையால் முதுகெலும்பு முறியும். ஏணியும் கைப்பிடியும்கூட இந்தக் கணக்கில்தான் சேரும்.

தொழிற்சாலை அறை மழைக்கும் மனித வாடைக்கும் நன்றாக அடைத்திருக்கும், பிளைவுட் சில ஆண்டுகளில் உப்பிப்போகும் என்பார்கள். பலகையின் வெட்டிய விளிம்புகளுக்குப் பெயின்ட் அடித்து, கூரையைச் சுவரைத் தாண்டி நீட்டினால் அந்தக் குறை பெருமளவு தீரும். இறுக்கமான அறைக்கு வேறொரு ஆபத்தும் உண்டு: உள்ளே கேஸ் ஹீட்டர் வைத்தால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அது மணமே இல்லாமல் கொல்லும். எந்த அறையானாலும் காற்றோட்டம் விட்டே ஆக வேண்டும். இன்னொரு எதிர்வாதத்தை நான் ஏற்கிறேன். டெக்சாஸில் நிலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தனியாருடையது. பலர் குத்தகைக்கு எடுத்தே வேட்டையாடுகிறார்கள். குத்தகை முடிந்ததும் காலி செய்ய வேண்டியவருக்கு, தூக்கிப் போகக்கூடிய தயார் அறையே நல்லது. பல மாநிலங்களில் அரசு நிலத்தில் நிரந்தரப் பரண் கட்டவே முடியாது. கருவி பிடித்துப் பழகாதவரும் முழுதாக வாங்கிவிடலாம். என் வாதம் சொந்த நிலமும், ஓரளவு தச்சு வேலையும் உள்ளவர்களுக்கானது.

அவர்கள் வாங்கிய தாங்கியை முதலில் மண்ணோடு இறுகப் பிணைத்து, இழுகம்பி கட்டட்டும். எடையைத் தரையிலிருந்து மொத்தமாகத் தூக்காமல், சுவர்களைத் தனித்தனியாக மேலேற்றிப் பூட்டட்டும். ஜன்னல் வெட்டும் முன், அங்கே உட்காரப்போகிறவரை நாற்காலியில் அமர்த்தி, முழங்கை நிற்கும் உயரத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். ரம்பம் அந்தக் கோட்டிலிருந்து தொடங்கட்டும்.