தூண் வந்தது, திண்ணை எங்கே?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி குடியிருப்புத் தெருக்களில் நடந்தால், புதிய வீடுகளின் முகப்பில் ரோமானியத் தூண்களையும், சுதையாலான கஜலட்சுமியையும், கண்ணாடிச் சுவரையும் ஒருசேரக் காணலாம். இதை ரசனைக் குறைவு என்று ஒதுக்குவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை.

அலங்காரம் தேவையற்றது என்றது நவீனத்துவக் கட்டடக் கலை. 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் கொட்டகைகளும் பயனை மட்டுமே கருதியவை. அந்த வெறுமை சலிப்பூட்டுவது என்று மறுத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ராபர்ட் வெஞ்சுரி. டெனிஸ் ஸ்காட் பிரவுன், ஸ்டீவன் ஐசனவர் ஆகியோருடன் அவர் எழுதி 1972-இல் வெளியான நூல், லாஸ் வேகாஸ் நகரின் விளம்பரப் பலகைகளிடமிருந்தும் பாடம் கற்கலாம் என்றது. பின்நவீனத்துவத்தின் ஈர்ப்பு இதுவே: எளிய மனிதரின் ரசனைக்கும் நினைவுக்கும் அது இடமளிக்கிறது.

ஆனால், நம் தெருக்களில் பழமை முகப்போடு நின்றுவிடுகிறது. தூண் வந்தது, பழைய வீடுகளில் தூணோடு சேர்ந்திருந்த திண்ணையும் நிழலும் வரவில்லை. மேற்கு வெயிலை வாங்கும் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் குளிர்சாதனக் கருவி ஓய்வின்றி ஓடுகிறது.

வேறு வழியும் உண்டு. ஜெய்ப்பூரில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ஜவாஹர் கலா கேந்திரா, நவக்கிரகங்களைக் குறிக்கும் ஒன்பது சதுரங்களால் ஆனது. பழைய ஜெய்ப்பூரின் நகரமைப்பைப் போலவே, அவற்றில் ஒன்று விலகி நிற்கிறது. நடுச் சதுரம் வானம் பார்த்த முற்றம். அங்கே பழமை ஒப்பனையன்று; கட்டடத்தின் அமைப்பே அதுதான்.

வீடு கட்டுவோர் தூண் கேட்பதில் தவறில்லை. அதனுடன் திண்ணையையும் கேட்க வேண்டும்.