செம்பனையும் ஆப்பிரிக்க மக்களின் பண்பாட்டுப் பன்மையும்: நெகிரி செம்பிலான் தோட்டங்களை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

நெகிரி செம்பிலானில் லின்சம், சுவா பெத்தோங், ஜெராம் பாடாங் முதலிய தோட்டங்களின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. இத்தகைய பள்ளிகளின் மாணவருக்குச் செம்பனை பழகிய மரமாகும். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என வகுப்பில் கூறும் நாம், அதைப் போற்றி வளர்த்த மக்களைப் பற்றிக் கூறுவதில்லை. ‘ஆப்பிரிக்கப் பண்பாடு’ என ஒருமையில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அக்கண்டத்திலோ 54 நாடுகளும் ஏறத்தாழ 2,000 மொழிகளும் உள்ளன. இப்பன்மையை ஒரு மரத்தின் வழியே விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரம் வந்த வழி

செம்பனையின் தாயகம் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் மழைவளம் மிக்க பகுதிகளாகும். 1848இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அது வணிகப் பயிராயிற்று. பின்னர் நெகிரி செம்பிலானிலும் பால்மரக் காடுகள் பல செம்பனைக்கு மாறின.

மரம் வந்தபோது அதன் மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சி உடன் வரவில்லை. எனவே தோட்டங்கள் பலவற்றில் தொழிலாளர் பாளைதோறும் சென்று கையால் மகரந்தம் தூவினர். 1981இல் கேமரூனிலிருந்து கொணரப்பட்ட சிறு கூன்வண்டு விடப்பட்ட பின்னரே அவ்வேலை குறைந்து மறைந்தது. வண்டு வந்து சேர்ந்தது. மரத்தைச் சூழ்ந்த வழக்காறுகளோ வரவில்லை.

ஒரு மரம், பல மரபுகள்

அவ்வழக்காறுகள் இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. தென்மேற்கு நைஜீரியாவின் யொரூபா மக்களிடையே, 16 செம்பனைக் கொட்டைகளைக் கையாண்டு குறிசொல்லும் இஃபா மரபு உண்டு. 256 பகுதிகளாக அமைந்த வாய்மொழிச் செய்யுட்களை அதன் குருமார் மனனம் செய்துள்ளனர். 2005இல் யுனெஸ்கோ இம்மரபுக்கு ஏற்பளித்தது. தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களுக்கு இளங்குருத்தோலை புனிதத்தின் அடையாளம். இறப்புச் சடங்கிலும் அதற்கு இடமுண்டு. நைஜர் கழிமுகத்தின் உர்ஹோபோ மக்கள் செம்பனைப் பழச்சாற்றால் ‘பங்கா’ என்னும் குழம்பு சமைக்கின்றனர்.

கள் இறக்கும் முறையும் ஒன்றன்று. நைஜீரியாவில் கயிற்றின் துணையால் நின்ற மரத்தில் ஏறிக் கள் இறக்குவர். கானாவில் மரத்தை வீழ்த்தி, கிடந்த தண்டிலிருந்து எடுப்பதே பெருவழக்கு. நம் பனையேறிகளை அறிந்த மாணவர்க்கு முன்னது எளிதில் விளங்கும், பின்னது வியப்பளிக்கும். கிழக்கே கால்நடை மேய்க்கும் மாசாய் மக்களின் மரபிலோ இம்மரத்துக்கு இடமே இல்லை.

இக்போ மக்களின் குருத்தோலையைக் காணும்போது, தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் கட்டும் தென்னங்குருத்துத் தோரணம் நம் நினைவுக்கு வருவது இயல்பே. எனினும் ஒப்புமையை உறவுக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அறியாததை அறிந்ததன்வழி விளக்கும் கற்பித்தல் துணையாக மட்டுமே அதைக் கொள்ளல் தகும்.

முடிவுரை

காலனித்துவக் காலப் பதிவுகள் தோட்டத்து மக்களைக் ‘கூலிகள்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கின. அச்சொல்லுக்குள் தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும், வெவ்வேறு ஊர்த் தெய்வங்களும் சடங்குகளும் மறைந்துபோயின. அந்த இழப்பை அறிந்த நாம், பிறரை அதே முறையில் ஒரு சொல்லில் அடக்குதல் முறையன்று. ‘ஆப்பிரிக்கர்’ என்பதோடு நில்லாமல் யொரூபா, இக்போ, உர்ஹோபோ, மாசாய் என அவரவர் பெயரால் கற்பித்தலே பன்மையை மதிக்கும் முதற்படியாகும். அதற்கான பாடப்பொருள் தோட்டத்திலேயே நிற்கிறது.