பழைய ஆண்டின் வரியையும் திரும்பக் கோரலாம்

வைப்புத்தொகை வட்டியில் பிடித்த வரியை நாங்கள் வருமான வரித் துறைக்குச் செலுத்திவிடுகிறோம். ஆதலின் அதனை வங்கி திருப்பித் தர இயலாது. கணக்குத் தாக்கல் செய்து துறையிடமே கோருதல் வேண்டும். கோராதவருக்கு அது தானாக வாராது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். திருவனந்தபுரத்தில் வாழும் 65 வயது வாடிக்கையாளர் ஒருவர், 2021-22 நிதியாண்டில் 80,000 ரூபாய் வட்டி பெற்றார் எனக் கொள்வோம். மொத்த வருமானம் 3,00,000 ரூபாயைத் தாண்டாமையால் அவர் வரி செலுத்த வேண்டியதில்லை. ஆயினும் 15எச் படிவம் அளிக்காமையால், 10 விழுக்காடாக 8,000 ரூபாய் பிடித்தமாயிற்று. தாமதமாகக் கணக்குத் தாக்கல் செய்வதற்கான கெடுவும் 2022 டிசம்பர் 31 அன்று முடிந்தது.

எனினும் வழி அடைபடவில்லை. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 நாளிட்ட சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தாமதத்தை மன்னிக்குமாறு விண்ணப்பிக்கலாம். இவருக்கு 2028 மார்ச் 31 வரை காலம் உண்டு.

முதலில் எங்களிடம் 16ஏ படிவம் பெற்று, 26ஏஎஸ் அறிக்கையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நோய் போன்ற உண்மையான காரணத்தைச் சான்றுகளுடன் விளக்கி, முதன்மை வருமான வரி ஆணையருக்கு விண்ணப்பியுங்கள். திருவனந்தபுரத்தில் வருமான வரி அலுவலகம் கவடியாறு ஆயகர் பவனில் உள்ளது. அனுமதி கிடைத்ததும் கணக்கைத் தாக்கல் செய்து, 30 நாள்களுக்குள் சரிபார்த்தல் வேண்டும்.

இவ்வாறு பெறும் தொகைக்கு வட்டி கிடையாது. பான் எண்ணுடன் இணைத்து, வருமான வரித் தளத்தில் முன்கூட்டியே சரிபார்த்த வங்கிக் கணக்கில் மட்டுமே அது வரவு வைக்கப்படும். உங்கள் கணக்கு அவ்வாறு உள்ளதா என்பதை இன்றே உறுதிசெய்துகொள்ளுங்கள்.