பூட்டி நகலெடு, திறந்து எழுது

ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்டை பைட்டுகளாக்கி கோப்பில் சேமிக்கவும் நெட்வொர்க்கில் அனுப்பவும் உதவும் வசதிதான் சீரியலைசேஷன். 1997-இல் வந்த ஜாவா 1.1 முதலே இருக்கிறது. பல த்ரெட்கள் ஓடும் மென்பொருளில் இதை அலட்சியமாகக் கையாண்டால், தரவு சத்தமில்லாமல் கெடும்.

ஒரு வங்கிக் கணக்கு ஆப்ஜெக்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்புத் தொகை, வரவு செலவுப் பட்டியல். பணம் எடுக்கும் மெத்தடுக்கு ‘சிங்க்ரனைஸ்டு’ போட்டாயிற்று. ஒரு த்ரெட் 500 ரூபாயைக் கழித்துவிட்டது, பட்டியலில் இன்னும் சேர்க்கவில்லை. அதே நொடியில் இன்னொரு த்ரெட் கணக்கைச் சேமிக்கிறது. சீரியலைசேஷன் நம் மெத்தடுகள் வழியாக வருவதில்லை, ஃபீல்டுகளை நேரடியாகப் படிக்கிறது. நாம் போட்ட லாக் அதைத் தடுக்காது. கணக்கு உதைக்கும் நகல் ஒன்று கோப்பில் ஏறிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது என்பதுதான் இதில் மிக மோசம்.

ஆகவே சேமிக்கும்போது சீரியலைசேஷன் அழைக்கும் ‘ரைட்ஆப்ஜெக்ட்’ மெத்தடை நாமே எழுதி, மற்ற மெத்தடுகள் பிடிக்கும் அதே லாக்கை அங்கேயும் பிடிக்க வேண்டும். வேறொரு லாக்கைப் பிடித்துப் பயனில்லை.

ஆனால் எழுதி முடியும்வரை பிடித்தே வைத்திருந்தால் வேறு ஆபத்து. ஜாவாவின் வெக்டர் முன்பு அப்படித்தான் செய்தது. இரண்டு வெக்டர்கள், ஒவ்வொன்றும் மற்றதைத் தனக்குள் வைத்திருக்கிறது. ஒரு த்ரெட் முதல் வெக்டரைப் பூட்டிக்கொண்டு இரண்டாவதுக்குக் காத்திருக்கும், இன்னொரு த்ரெட் இரண்டாவதைப் பூட்டிக்கொண்டு முதலாவதுக்குக் காத்திருக்கும். இரண்டும் நகராது. டெட்லாக். 2011-இல் வெளியான ஜாவா 7 இதைச் சரிசெய்தது: லாக்கைப் பிடித்து உள்ளிருக்கும் அரேயை நகலெடு, லாக்கை விடு, பிறகு நகலை எழுது. நம் கணக்குக்கும் இதுவே சரியான வழி. டிஸ்க் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் மற்ற த்ரெட்கள் காத்துக்கிடக்க வேண்டாம். பட்டியலுக்குள் இருக்கும் ஆப்ஜெக்டுகளும் மாறக்கூடியவை என்றால் அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பு தேவை.

லாக்கையே ஒரு ஃபீல்டாக வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வெறும் ‘ஆப்ஜெக்ட்’ வகை லாக்கை சீரியலைஸ் செய்ய முடியாது. ‘டிரான்சியன்ட்’ என்று குறித்தால், திரும்பப் படிக்கும்போது அது ‘நல்’ (null) ஆக வந்து நிற்கும், முதல் பூட்டலிலேயே நிரல் விழும். ‘ரீஎன்ட்ரன்ட்லாக்’ இந்தத் தொல்லை தராது. சேமிக்கும்போது பூட்டியிருந்தாலும் திறந்த நிலையிலேயே திரும்பி வரும்.

உங்கள் நிரலில் பல த்ரெட்கள் பகிரும் சீரியலைசபிள் கிளாஸ் இருந்தால், அதன் ‘ரைட்ஆப்ஜெக்ட்’ எந்த லாக்கைப் பிடிக்கிறது, எப்போது விடுகிறது என்று இன்றே திறந்து பாருங்கள்.