பீரங்கிக் குண்டு அளந்த ஊர்கள்

பள்ளிச் சுற்றுலா என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? விடியற்காலையில் பஸ் புறப்படும். பாட்டும் கைத்தட்டலுமாகப் போவீர்கள். ஓரிடத்தில் இறங்கி, வரிசையில் நின்று பார்த்துவிட்டு, மரத்தடியில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பீர்கள். இருட்டியதும் வீடு திரும்புவீர்கள். "என்ன பார்த்தாய்?" என்று அம்மா கேட்டால், "கோட்டை பார்த்தேன், கோயில் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப் போவீர்கள். ஒரு மாதம் கழித்து நினைவில் நிற்பது என்ன? பெரும்பாலும் புளிச்சோறுதான்!

இம்முறை வேறு விதமாகப் போய்ப் பார்ப்போமா? கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பழைய சுவர், உடைந்த பானை, கற்சிலை ஆகிய எல்லாமே சாட்சிகள். சாட்சி தானாகப் பேசாது. கேள்வி கேட்டால்தான் பேசும். கடலூரில் தொடங்கி சிதம்பரத்தில் முடியும் ஒரு நாள் உலாவில், சில சாட்சிகளை விசாரித்துப் பார்ப்போம், வாருங்கள்.

இடிந்த கோட்டை

கடலூர்க் கடற்கரையில் தேவனாம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. அதன் அருகே, கெடில ஆறு கடலில் கலக்கும் பகுதியில், புனித டேவிட் கோட்டை இருந்தது. "இருந்தது" என்றுதான் சொல்ல வேண்டும். இன்று சிதைந்த சில பகுதிகளைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை. சுற்றுலா வருபவர்கள் பக்கத்திலுள்ள வெள்ளிக் கடற்கரையில் கால் நனைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால், இந்த மண்ணுக்குள் ஒரு நல்ல பௌதிகப் பாடம் புதைந்து கிடக்கிறது.

1690-ம் ஆண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இக்கோட்டையை மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலம் முழுவதும் கம்பெனிக்குச் சொந்தம்! சென்னையிலிருந்து நல்ல பீரங்கி ஒன்று வந்தது. பல திசைகளிலும் திருப்பிச் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பழைய நகரமும், சுற்றியிருந்த பல கிராமங்களும் அகப்பட்டுக் கொண்டன. பீரங்கிக் குண்டு கிராமங்கள் என்ற பெயரே அவற்றுக்கு ஏற்பட்டது.

சற்று எண்ணிப் பாருங்கள். வயலில் நாற்று நட்டுக் கொண்டிருந்தவர் காலையில் ஓர் அரசின் குடிமகன். மாலையில் கடல் கடந்து வந்த ஒரு வியாபாரக் கம்பெனியின் குடிமகன். நடுவில் நடந்ததெல்லாம் ஒரு வெடிச் சத்தம்தான்.

காற்று மட்டும் இல்லாதிருந்தால்?

இப்போது நம் கேள்வியைக் கேட்போம். குண்டு எவ்வளவு தூரம் போகும்?

எறிபொருளின் பாதை பரவளையம் என்று கலிலியோ 1638-ல் எழுதினார். காற்றைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 45 பாகைக் கோணத்தில் எறியும்போது வீச்சு மிக அதிகம். திசைவேகத்தை வர்க்கப்படுத்திப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். பீரங்கிக் குண்டு விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். 500-ஐ 500-ஆல் பெருக்கினால் 2,50,000. அதை 9.8-ஆல் வகுத்தால் சுமார் 25,500 மீட்டர். அதாவது இருபத்தைந்தரை கிலோமீட்டர்! கடலூரிலிருந்து புதுச்சேரியே ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். அப்படியானால் குண்டு புதுச்சேரியையும் தாண்டி விழுந்திருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் அக்காலப் பெரிய பீரங்கிகளின் குண்டுகள்கூட ஐந்து கிலோமீட்டர் தொலைவைத் தாண்டுவது அரிது. மீதித் தூரத்தை யார் விழுங்கியது? காற்றுதான்! நாம் சைக்கிளில் போகும்போது முகத்தில் மெல்லத் தடவும் அதே காற்று, விரைந்து செல்லும் குண்டுக்கு முன்னால் சுவர்போல் நின்று தடுக்கிறது.

இதைச் சோதனை மூலம் அளந்து காட்டியவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். குண்டின் வேகத்தைக் கண்ணால் அளக்க முடியாது. கடிகாரத்தால் அளக்கவும் அன்று வழியில்லை. அவர் ஓர் எளிய உபாயம் கண்டார். கனமான மரக்கட்டையை ஊஞ்சல்போல் தொங்கவிட்டு, அதன்மேல் துப்பாக்கியால் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்தது. கட்டை பின்னால் ஆடியது. குண்டின் உந்தம் முழுவதும் கட்டைக்குப் போய்விடுகிறது. 30 கிராம் குண்டு 30 கிலோ கட்டையில் புதைந்தால், வேகம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையும். விநாடிக்கு 500 மீட்டர் என்பது அரை மீட்டர் ஆகிவிடும். கட்டை சுமார் ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரும். அதை அளந்தால் போதும். குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம்! கட்டையைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்துச் சுட்டு, காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றுவிடுகிறது என்பதையும் அவர் கண்டறிந்தார். 1742-ல் வெளிவந்த அவருடைய நூலை, பெர்லினில் இருந்த கணித மேதை ஆய்லர் 1745-ல் விரிவான விளக்கவுரையோடு ஜெர்மன் மொழியில் வெளியிட்டார்.

இங்கிலாந்துக்காரரின் ஊசலுக்கும் நம் கடலூருக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? கம்பெனி தன் கோட்டைகளைச் செப்பனிட ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக நியமித்தது. 1750-ல் அவர் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டே, 1751 ஜூலை 29-ல் இறந்து போனார். எங்கே தெரியுமா? இதே புனித டேவிட் கோட்டையில்தான்! பீரங்கிக் குண்டால் எல்லை அளக்கப்பட்ட கோட்டையிலேயே, பீரங்கிக் குண்டின் வேகத்தை அளந்த விஞ்ஞானியின் வாழ்வு முடிந்தது.

சென்னையை 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்தபின், சில ஆண்டுகள் தென்னிந்திய ஆங்கிலேயருக்கு இக்கோட்டையே தலைமையிடமாக இருந்தது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி இதைக் கைப்பற்றி இடித்துத் தள்ளினார். இடித்தவர் விட்டு வைத்ததை ஆறும் கடலும் இன்றுவரை கரைத்து வருகின்றன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையில்தான் மோதியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இப்பகுதியில்தான் கரை கடந்தது.

ஓட்டுத் துண்டு சொல்லும் காலம்

அடுத்து, கடலூர் நகரிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்குப் போவோம். சிலைகளின் முன் எல்லோரும் நிற்பார்கள். உடைந்த பானை ஓடுகளை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் தொல்பொருள் ஆராய்ச்சியாளருக்குத் தங்கக் காசைவிட ஓட்டுத் துண்டே சில சமயம் பெரிய புதையல்.

காரணம் கேளுங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. அங்கே 1945-ல் மார்டிமர் வீலர் அகழ்வாய்வு செய்தபோது, இத்தாலியில் செய்யப்பட்ட பளபளப்பான சிவப்பு மட்பாண்ட ஓடுகள் கிடைத்தன. அவை சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்பது ஏற்கெனவே தெரியும். அதே மண்ணடுக்கில் நம் நாட்டுப் பானை ஓடுகளும் கிடந்தன. ஒரே அடுக்கில் கிடப்பவை ஏறக்குறைய ஒரே காலத்தவை அல்லவா? இவ்வாறு நம் பானைகளின் காலமும் தெரிந்தது. பிறகு வேறு ஊர்களில் அதே வகைப் பானை கிடைத்தபோது, அந்த ஊர்களின் காலமும் தெரிய வந்தது. கடலூர் மாவட்டத்து மருங்கூரில் 2024-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்வாய்வு தொடங்கியது. அங்கும் ஒவ்வொரு ஓட்டையும் அது கிடைத்த ஆழத்தோடு குறித்து வைப்பார்கள். ஆழம் குறிக்காமல் எடுத்த ஓடு வாய் பேசாத சாட்சி.

கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்கும்போது மூன்றை நோட்டில் எழுதுங்கள்: எங்கே கிடைத்தது? எதனால் ஆனது? காலம் எப்படித் தெரிந்தது? விடை அட்டையில் இல்லாவிட்டால் காப்பாட்சியரிடம் கேளுங்கள். கேட்கும் மாணவனைக் கண்டால் அவருக்கும் மகிழ்ச்சிதான்.

கல்லும் செங்கல்லும்

கடலூரிலிருந்து தெற்கே சுமார் 45 கிலோமீட்டரில் சிதம்பரம். ரயிலில் போனால் ஜன்னலோரம் அமர்ந்து வெளியே கவனியுங்கள். வயல், வாய்க்கால், வண்டல் மண். எங்காவது ஒரு பாறை தென்படுகிறதா? இல்லை. அப்படியானால் நடராசர் கோயிலின் நான்கு பெரிய கோபுரங்களுக்குக் கருங்கல் எங்கிருந்து வந்தது? தொலைவிலிருந்துதான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

கோபுர வாயிலில் நின்று அண்ணாந்து பாருங்கள். வாயில் நிலையும் அடிப்பகுதியும் கருங்கல். அதற்குமேல் ஏழு நிலைகளும் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, சுதை. ஒரு கன மீட்டர் கருங்கல்லின் எடை சுமார் 2.7 டன். செங்கற்கட்டு இரண்டு டன்னுக்கும் குறைவு. ஏறத்தாழ 40 மீட்டர் உயரத்தையும் கருங்கல்லிலேயே எழுப்பினால், அடியிலுள்ள வண்டல் மண் எவ்வளவு பாரத்தைத் தாங்க வேண்டும்! செங்கல்லுக்கு வேண்டிய களிமண்ணோ ஊரைச் சுற்றிலும் இருக்கிறது. மேலே லேசு, கீழே உறுதி. மண்ணின் தன்மையை அறிந்த கொத்தர்களின் கணக்கு இது.

வாயிலுக்குள் இருபுறச் சுவர்களிலும் நடனச் சிற்பங்கள் கீழிருந்து மேலாக அணிவகுக்கின்றன. நாட்டிய சாஸ்திரம் கூறும் 108 கரணங்கள் இவை. கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தச் சிற்பத்துக்குரிய செய்யுளையும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் பொருளுக்குக் கீழே பெயர் அட்டை வைப்பதைப் பார்த்தோம் அல்லவா? சிதம்பரத்துச் சிற்பிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதைக் கல்லில் செய்துவிட்டார்கள்! கரணம் என்பது அசைவு. கல்லோ அசையாது. ஆகவே ஓடும் திரைப்படத்தில் ஒரே ஒரு படத்தை நிறுத்திக் காட்டுவதுபோல், அசைவின் ஒரு கணத்தைச் சிற்பி பிடித்திருக்கிறார். அது எந்தக் கணம் என்பதைச் செய்யுளின் துணைகொண்டு அறியலாம். 1926-ல் பரோடாவில் நாட்டிய சாஸ்திரத்தின் முதல் பகுதி அச்சானபோது, இச்சிற்பங்களின் படங்களையும் அதில் சேர்த்தார்கள். ஏட்டில் இருந்ததைப் புரிந்துகொள்ளக் கல் உதவியது.

சுவரில் அல்ல, நோட்டில்

கோட்டை போய்விட்டது, கோபுரம் நிற்கிறது. கோட்டையைப் பகைவர் இடித்தார். ஆனால் எத்தனையோ பழைய சுவர்களைப் பகைவர் அல்லாதவர்களே அழித்து வருகிறார்கள். ஆணியால் பெயர் கீறுவதும், கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுவதும் சாட்சியின் வாயை அடைக்கும் வேலைகள்தாம். இழந்த எழுத்தை எந்த விஞ்ஞானியாலும் திரும்ப எழுத முடியாது. உங்கள் பெயரைச் சுவரில் எழுதாதீர்கள். சுவரில் உள்ளதை உங்கள் நோட்டில் எழுதுங்கள்.

ரயில் திரும்பும் வழியில் பரங்கிப்பேட்டை நிலையம் வரும். அங்கே 1830-ம் ஆண்டு வாக்கில் ஹீத் என்பவர் ஓர் இரும்பாலை அமைத்தார். தாது வந்ததோ நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள சேலம் பகுதியிலிருந்து, எரிபொருள் மரக்கரி. தாது இருக்கும் இடத்தை விட்டு, இந்தக் கடற்கரையில் ஏன் ஆலை வைத்தார்? அதற்குக் கரி எத்தனை காடுகளைக் கேட்டிருக்கும்? இந்த இரண்டு கேள்விகளையும் உங்களுக்கே விட்டுவிடுகிறேன். தேசப்படத்தை எடுத்து விரித்து வைத்துக் கொண்டு யோசியுங்கள்.