புகை இல்லாத அடுப்பும் பத்து நிமிட வேலையும்

எங்கள் தோட்டம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மலையடிவாரத்தில் இருக்கிறது. மூணு ஏக்கர். தென்னை, ஊடுபயிராக வாழை, கொஞ்சம் காய்கறி. ரசாயன உரத்தை விட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. மண்ணைப் பத்தி நாலு பேருக்குச் சொல்லுற அளவுக்குத் தெரியும். ஆனா வீட்டுக்குள்ளே எரியுற அடுப்பைப் பத்தி ஒண்ணும் தெரியலைங்கிறதை போன ஐப்பசியிலதான் புரிஞ்சுக்கிட்டேன்.

எங்கள் வீட்டில் எரிவது பெல்லட் அடுப்பு. கடலைத்தோடு, மரத்தூளை அழுத்திச் செய்த சுண்டுவிரல் பருமன் குச்சிகள்தான் எரிபொருள். சிலிண்டர் விலை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விறகுக்கு மலையேறும் காலமும் போச்சு. செண்பகத்தோப்பு பக்கமுள்ள காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமானது. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமும் வந்தது. காட்டை விட்டுட்டு நம்ம கழிவை எரிப்போம்னுதான் இந்த அடுப்புக்கு வந்தேன்.

அன்னைக்கு அடைமழை. சாரல் அடிக்குதுன்னு அம்மா அடுப்படி ஜன்னல், கதவு எல்லாத்தையும் சாத்திட்டாங்க. சோறு, குழம்பு முடிஞ்சு தீ அடங்கிட்டு. உள்ளே தணல் மட்டும் கிடந்துச்சு. குளிருக்கு இதமா இருக்கேன்னு பக்கத்துலயே உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. கொஞ்ச நேரத்துல, "ஏய்யா, தலை வலிக்குதுய்யா, கிறுகிறுன்னு வருது"ன்னு ஒரு சத்தம். போய்ப் பார்த்தா வாந்தி எடுத்துட்டுச் சுவத்துல சாய்ஞ்சிருக்காங்க. பித்தம்னு நினைச்சு நான் இஞ்சியைத் தேடினேன். என் வீட்டுக்காரிதான், "முதல்ல வெளியே தூக்குங்க"ன்னு கத்தினா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல என்ன அடுப்பு? கதவு சாத்தியிருந்ததா?" ஆக்சிஜன் வெச்சாங்க. விடியும்போது அம்மா காப்பி கேட்டாங்க. எனக்கு அப்பத்தான் உயிர் வந்துச்சு.

புகை இல்லை, ஆனால் விஷம் உண்டு

கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி மூணும் சேர்ந்து வந்தால், ஆளை உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். விறகுப் புகையும் லேசுப்பட்டதல்ல. வீட்டுக்குள் எரிக்கும் அடுப்புகளின் புகையால் 2020-இல் உலகம் முழுக்க சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

நம் அடுப்பில் அடியிலுள்ள காத்தாடி இரண்டு வழியாகக் காற்றைத் தள்ளும். அடித்துளை வழியே போகும் காற்று பெல்லட்டை வாயுவாக மாற்றும். மேல்துளை வழியே வரும் காற்று அந்த வாயுவை முழுசாக எரிக்கும். துளை அடைத்தால் வாயு அரைகுறையாக எரியும். தீ அடங்கித் தணலாகக் கிடக்கும் நேரத்தில்தான் இந்த விஷவாயு அதிகம். நான் பண்ணின தப்பு ரெண்டு. மூணு வாரமா துளைகளைச் சுத்தம் பண்ணலை. தணலை வீட்டுக்குள்ளேயே விட்டுட்டேன்.

மறுநாள் காத்தாடி பழுதுன்னு நினைச்சு, மோட்டார் காயில் கட்டுற தம்பிகிட்ட எடுத்துட்டுப் போனேன். கழட்டிப் பார்த்துட்டு, "அண்ணாச்சி, காத்தாடியில கோளாறு இல்ல. மூக்கை அடைச்சுட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்?"னு சிரிச்சான்.

இப்போ நாங்கள் செய்வது

தினமும்: அடுப்பு முழுசா ஆறின பிறகு காத்தாடியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே காற்று போகும் திசையில் சாம்பலைக் கொட்டுகிறோம். அடித்துளை, மேல்துளை ரெண்டையும் ஈர்க்குச்சியால் குத்திவிடுகிறோம். உருகி இறுகிய கிட்டம் இருந்தால் கம்பியால் நெம்பி எடுக்கிறோம். பத்து நிமிஷ வேலைதான்.

வாரம் ஒருமுறை: காத்தாடி அறையைக் காய்ந்த பிரஷால் தட்டுகிறோம். தண்ணீர் படக்கூடாது. ஒயரை எலி கடித்திருக்கிறதா, உள்சுவரில் விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கிறோம். சூடான அடுப்பில் தண்ணீர் ஊற்றி அணைத்தால் உள்சுவர் வெடித்துவிடும்.

எரியும்போது: பாதியில் மேலே பெல்லட் போடக்கூடாது, தீ மூச்சுமுட்டிப் புகையும். மழையோ குளிரோ, ஜன்னல் திறந்தே இருக்கணும். குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் பெல்லட் அடுப்புக்குப் புகைபோக்கி உண்டு. நம்ம அடுப்புக்கு ஜன்னல்தான் புகைபோக்கி.

பெல்லட்டை மூடியுள்ள தகர டிரம்மில் வையுங்கள். ஈரம் பட்டால் உதிர்ந்து தூளாகும், அதுவும் துளையை அடைக்கும். உமியில் செய்தது மலிவாகக் கிடைத்தாலும் யோசியுங்கள். உமி எரிந்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். மரத்தூளில் நூற்றுக்கு ஒன்று போல்தான்.

கரியும் சாம்பலும்

தீ அடங்கியதும் அடுப்பை வெளியே கொண்டுபோய், தணலை இடுக்கியால் இரும்பு வாளிக்கு மாற்றி இறுக மூடிவிடுகிறோம். காற்றில்லாமல் அணைந்தால் கரி மிச்சம். அதைப் பொடித்து மட்கு உரக் குழியில் சேர்க்கிறோம். சாம்பலை ஒரு நாளாவது மூடிய வாளியில் ஆறவிடுங்கள். ஆறினது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு இருக்கும். வைக்கோல் படப்புப் பக்கம் கொட்டினால் ஆடிக்காற்று சும்மா விடாது.

சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு, காரம். எங்கள் செவல்மண்ணில் தென்னைக்கு அளவோடு போடுகிறேன். ஏற்கெனவே காரமான கரிசலுக்கு வேண்டாம். கோமியம், பச்சைச் சாணத்தோடும் கலக்காதீர்கள். தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

இந்த அடுப்பு நம்ம ஊருக்குப் புதுசில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தோடு சேர்ந்து பிபி நிறுவனம் உருவாக்கிய 'ஊர்ஜா' அடுப்பு 2006 முதல் தமிழ்நாட்டிலும் விற்றது. மொத்தம் சுமார் 4 லட்சம் அடுப்புகள் வீடுகளுக்குப் போயின. பிறகு பெல்லட் விலை ஏறவும் பலர் விட்டுவிட்டார்கள். பருத்திமாரும் கடலைத்தோடும் நம்மிடம்தான் இருக்கின்றன. நாலு ஊர் சேர்ந்தால் பெல்லட்டை நாமே செய்யலாம். அதற்கு முன்னால், இருக்கும் அடுப்பை ஒழுங்காக வைத்துக்கொள்ளப் பழகுவோம்.

எங்கள் அடுப்படி ஜன்னலில் இப்போ கதவே கிடையாது. கழற்றிவிட்டு வலை அடித்துவிட்டேன். "சாரல் அடிக்குதுய்யா"ன்னு அம்மா இன்னமும் முணுமுணுக்கிறாங்க. அடிக்கட்டும்.